சந்தேகம் இல்லை என்று நான் எழுதிய தாள்

ஆம்பூர்
தை 11, ஞாயிறு மாலை

அன்பு மகள் மோகனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, பாரதி, நான் மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காலில் கொப்புளம் இல்லாமல், யாரிடமும் திட்டு வாங்காமல் இருக்க வேண்டும் என்று கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். காலையில் நீ போன் செய்த ஐந்து நிமிஷத்தில் பாதியை உன் அப்பா, இன்னா சாப்ட்ட, சாம்பார்ல காய் போட்றாங்களா, இல்ல வெறும் தண்ணியா என்று விசாரித்தே முடித்துவிட்டார். மீதி நேரத்தில் நீ அவசரமாகக் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காவல் பணியில் மனிதநேயம் என்று போலீஸ் பயிற்சி வகுப்பில் ஒரு பாடம் நடக்கிறது, ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், உனுக்கு இருபத்தொரு வருஷ சர்வீஸ், உன்கிட்ட இல்லாததா, நீ ஆடி மாசம் ஒரு முஸ்லிம் வீட்டுக்குப் போய் உதவி பண்ணியே, அதையே எழுதிடட்டுமா என்றாய். எனக்கு வாய் வரவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நீ ஹலோ ஹலோ என்றாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது மோகனா.

போனை வாரத்துக்கு ஒரு முறைதான் கையில் தருகிறார்கள், அதுவும் பக்கத்தில் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல பாரதி எழுதுகிறாள். நான் எழுதினால் முதல் வரியிலேயே 'மேற்படி' வந்துவிடுகிறது, நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது 'மேற்படி ஊறுகாய் பாட்டில் வந்து சேர்ந்ததா' என்று எழுதி நீங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷம் என்னைக் கேலி செய்தீர்கள். நான் ஜாஸ்தி என்று சொன்னால் இவள் அதிகம் என்று எழுதுகிறாள், கேட்டால் கடிதம் என்றால் கடிதம் மாதிரி இருக்க வேண்டும் என்கிறாள். பேசினவர்கள் பேசின மாதிரியே எழுதுடி என்று மட்டும் கட்டாயமாகச் சொல்லியிருக்கிறேன். உன் கட்டில் முழுக்க இப்போது இவளுடைய புத்தகங்கள்தான், நீ லீவில் வந்தால் தரையில்தான் படுக்க வேண்டும். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் ஆர்டர் கம்மியாகி வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, மீதி நாளெல்லாம் கட்டிங் கத்தியைப் பிடித்த கையால் கத்திரிக்காய் நறுக்குகிறேன் என்று சமையலறைக்குள் நுழைந்துவிடுகிறார், எல்லாத் துண்டும் அளவெடுத்த மாதிரி ஒரே அளவாக இருக்கிறது, உப்புதான் ஒரு நாள் ஒரு மாதிரி. பாலாற்றில் இந்த மழைக்கு நல்ல தண்ணீர் வந்தது, பாலத்தில் நின்று பார்க்க ஜனம் கூடியது, பத்து நாளில் பழையபடி நுரையும் வாடையுமாக ஆகிவிட்டது. நாளைக்குக் குடியரசு தினம், காலை ஐந்தரைக்கு எனக்குப் பந்தோபஸ்து. அதற்குள் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும்.

ஆடி மாதத்து விஷயத்தை நீ வகுப்பில் எழுதாதே. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். நீ அப்போது வீட்டில்தான் இருந்தாய், நான் டூட்டி முடிந்து வந்து சாப்பிடும்போது உன்னிடமும் அப்பாவிடமும் பெருமையாகச் சொன்னேன், நீகூட சூப்பர்மா என்று என் தோளைத் தட்டினாய். அன்று நான் சொன்னது பாதிதான். மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை, மீதிப் பாதியும் அதில் இருக்கிறது என்று எனக்கே அன்று தெரியவில்லை. எங்கள் ஸ்டேஷன் எந்த ஊர் என்பதை இதில் எழுத வேண்டாம் என்று அப்பா அடுப்படியிலிருந்து சொல்கிறார், எழுதவில்லை, உனக்குத் தெரிந்ததுதானே.

ஸ்டேஷனில் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று உனக்குச் சொன்னதில்லை. கர்ச்சீப் ஏட்டம்மா. யாராவது பெண் அழுதுகொண்டு வந்தால் நான் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுப்பேன் என்று அந்தப் பெயர். இன்னாக்கா, இந்த மாசம் எத்தனை கர்ச்சீப் போச்சு, கவர்ன்மெண்ட்ல கேட்டு வாங்கலாமே என்று கிண்டல் செய்வார்கள், நானும் சிரித்துக்கொள்வேன், உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகவும் இருக்கும். சாவு வீடு என்றால் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் அனுப்புவார். ஏம்மா, நான் போனா கத்துவாங்க, நீ போனா அழுவாங்க, போய்ட்டு வா என்பார். அதில் நான் கெட்டிக்காரிதான். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிடுவேன், நாற்காலி போட்டாலும் தரையில் உட்காருவேன். அழுகிறவளிடம் தண்ணீர் குடி என்றால் குடிக்க மாட்டாள், எனக்குத் தாகமாக இருக்கிறது என்று கேட்டால் எழுந்துபோய்க் கொண்டுவருவாள், கொண்டுவந்த கையோடு தானும் ஒரு வாய் குடிப்பாள், அதற்குப் பிறகு பேச்சு வரும். இதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எனக்கே வந்தது. இதை மனிதநேயம் என்று சொல்வதா, வேறு பெயர் சொல்வதா என்று இப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வேலை செய்கிற சமீருல்லா என்பவர், நாற்பத்தொரு வயது, காலை பதினோரு மணிக்கு வேலை இடத்தில் விழுந்து செத்துப்போனார். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், உயிர் இல்லை என்று சொன்னதும் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். யாரோ ஸ்டேஷனுக்குப் போன் செய்து, ஆள் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்க இறங்கினான், உள்ளே மயங்கி விழுந்தான் என்று சொல்லிப் பேர் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். காண்டிராக்டரோ, நெஞ்சு வலி, தொட்டிப் பக்கமே போகவில்லை என்கிறார். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, ஜமாத்தில் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கம் செய்ய வேண்டும் என்கிறார்கள், போஸ்ட்மார்ட்டம் என்று வேலூருக்கு அனுப்பினால் ஊரே கூடிவிடும், வீட்டம்மாவுக்குச் சந்தேகம் இல்லை என்றால் ஒரு எழுத்து வாங்கிக்கொண்டு வந்துடும்மா என்றார். சந்தேகம் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் மனைவி பெயர் நசீமுன்னிசா. சின்ன வீடு, ஒரு அறைக்கும் மறு அறைக்கும் நடுவே பூப்போட்ட திரை. நான் தரையில் உட்கார்ந்தேன், தண்ணீர் கேட்டேன், அவளும் குடித்தாள். கொஞ்ச நேரம் என் தோளில் சாய்ந்து அழுதாள், பிறகு காதோடு காதாகச் சொன்னாள். அக்கா, அவரு சட்டையெல்லாம் ஒரே நாத்தம்க்கா, வாயில நொரை, தொட்டியில எறங்குனாருன்னு கூட வேல செய்றவரு ஒருத்தரு சொல்ட்டுப் போனாரு, எனுக்கு இன்னா பண்றதுன்னே தெரியலக்கா என்றாள். மோகனா, இதை நான் உன்னிடம் அன்று சொல்லவில்லை. அவள் சொன்னாள், நான் கேட்டேன். கேட்டுவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே நான் சொன்னது இது. வேலூருக்கு எடுத்துட்டுப் போனா நாளைக்கு சாயந்திரம் ஆயிடும்மா, மய்யத்தக் கிழிச்சித் தெச்சித் துணியில சுத்தித் தருவாங்க, உம் பொண்ணு அதைப் பாக்கணுமா, போனவரு போய்ட்டாரு, நிம்மதியா அனுப்பி வை என்றேன். அவர்கள் பெண் ஹஃப்ஸா திரைக்குப் பின்னால் ஸ்கூல் யூனிபார்மோடு நின்றிருந்தாள். அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னேன், என் மனசாரச் சொன்னேன், யாரும் சொல்லச் சொல்லிச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் பாரதி பேனாவை வைத்துவிட்டாள். ஹஃப்ஸா இவள் ஸ்கூலில் பத்தாவது படிக்கிறாள், இவள்தான் தன் பழைய கைடுகளை எல்லாம் அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். அம்மா, இது ஹஃப்ஸாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள்.

ஹஃப்ஸாவின் நோட்டிலிருந்தே ஒரு தாள் வாங்கினேன். என் கணவருக்கு ஆறு மாதமாக நெஞ்சு வலி இருந்து வந்தது, வேலை இடத்தில் உட்கார்ந்திருந்தபோது வலி ஏற்பட்டு இறந்துவிட்டார், அவர் சாவில் எங்களுக்கு யாதொரு சந்தேகமும் இல்லை, பிரேதப் பரிசோதனை தேவையில்லை என்று நானே எழுதினேன். ஆறு மாதம் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, அப்படி ஒரு காலத்தைப் போட்டால்தான் மேலே கேள்வி வராது என்று என் கைக்குத் தெரியும். நசீமுன்னிசாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன், அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினாள், வலதிலிருந்து இடமாக உருதுவில் கையெழுத்துப் போட்டாள். நாலு மணிக்கு ஜனாஸா புறப்பட்டது. ஜமாத்துப் பெரியவர் நயீம் அகமது என்பவர் வாசலில் என்னைப் பார்த்து, ஏட்டம்மா, இந்த நல்லதுக்கு அல்லா உங்களுக்குக் கூலி குடுப்பான் என்றார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்தார். வீட்டுக்கு வந்து நான் உங்களிடம் பெருமை பேசினேன்.

தீபாவளி முடிந்து பத்து நாளில் அதே தொட்டியில் பூவரசன் செத்தான். குடியாத்தம் பக்கத்துக் கிராமம், இருபத்தாறு வயது, பவர்லூமில் லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தவன், அங்கே வேலை படுத்துவிட்டது என்று இங்கே வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. இவனைக் கூட வேலை செய்தவர்கள் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அறுத்துப் பார்த்ததில் விஷவாயு என்று வந்தது. பிணவறை வாசலில் அவன் அம்மா ரங்கம்மாளோடு உட்கார்ந்திருக்க என்னைத்தான் போட்டார்கள். அந்த அம்மாள் அழவே இல்லை, கல்லைப் போல இருந்தாள், என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். ஏம்மா, இந்தத் தொட்டியில இதுக்கு முன்னாடி யார்னா செத்துருக்காங்களா, தெரிஞ்சிருந்தா எம் புள்ள எறங்கியிருக்க மாட்டானே, அவன் உஷாரான புள்ளையாச்சே என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, எனக்குத் தெரியலம்மா என்றேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போய், சார், ஆடி மாசம் சமீருல்லாவும் அதே தொட்டிதான், அந்தம்மா என்கிட்ட சொன்னாங்க, நான்தான் எழுதல என்றேன். அவர் கோபப்படவில்லை. அது ஹார்ட் அட்டாக்மா, நீதான எழுதுன என்றார். பிறகு, உனுக்குப் பாவமா இருந்துச்சு, எழுதுன, எனுக்கும் பாவமாதான் இருந்துச்சு, வாங்கிக்கிட்டேன், இப்ப அதைக் கெளறி யாருக்கு இன்னா லாபம் என்றார். அவர் கெட்டவர் இல்லை மோகனா, அதுதான் கஷ்டம், உன் அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் என்றபோது கேட்காமலே பதினைந்து நாள் லீவு கொடுத்தவர். ஆனால் முதல் சாவு நெஞ்சு வலியாகவே இருந்தால், பூவரசன் சாவு அந்த இடத்தில் முதல் தடவை, எதிர்பாராதது, யாருக்கும் முன்னால் தெரியாதது என்று ஆகிவிடும். ரெண்டாவது என்று ஆனால்தான் தெரிந்தே இறக்கினார்கள் என்று வரும், அந்தத் தொட்டியை மூட வழி வரும். அந்த ஒரு தாள்தான் நடுவில் நிற்கிறது, அது என் கையெழுத்தில் இருக்கிறது.

நசீமுன்னிசா வாயால் சொன்னால்தான் எடுபடும் என்று அவள் வீட்டுக்குப் போனேன். யூனிபார்ம் இல்லாமல் போனேன். அவள் இத்தாவில் இருந்தாள், புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருப்பார்களே, அது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், நீ என்கிட்ட சொன்னதை அதிகாரிகிட்ட சொல்லும்மா, தேவைப்பட்டால் உடலை எடுத்துப் பரிசோதித்து உண்மையைக் கண்டுபிடிப்பார்கள், இன்னொருத்தன் சாகக் கூடாது என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் பேசினாள். அன்னிக்கு மய்யத்தக் கிழிக்கக் கூடாதுன்னு அழுதுகினே வந்த, இன்னிக்குக் கபரைத் தோண்டணும்னு அழுதுகினே வந்துகிற, உன் அழுவையை நான் எந்தக் கணக்குல சேக்கறது அக்கா என்றாள். ஹஃப்ஸா வந்து ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள், ஆன்ட்டி, அம்மாவை ஜாஸ்தி பேச வெக்காதீங்க, பிபி ஆயிடுது என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்தத் தண்ணீரைத் தொடக் கை வரவில்லை.

அவள் வராவிட்டாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று கோட்டாட்சியருக்கு மனு எழுதினேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். இருபத்தொரு வருஷம் ஓட்டிட்ட, இன்னும் கொஞ்ச வருஷம், அதுக்குள்ள எதுக்குப் பேஜாரு என்று அவர் முதலில் சொன்னார், மூன்றாம் நாள் தபால் ஆபீசுக்கு அவரேதான் கொண்டுபோய் ரிஜிஸ்டர் செய்தார். உன்னிடம் சொல்லவில்லை, நீ அப்போதுதான் பயிற்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாய், பெட்டியில் பூட்டு சரியாக இல்லை என்று அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மார்கழியில் விசாரணை வைத்தார்கள். இத்தா முடிந்திருந்தது, நசீமுன்னிசா புர்கா போட்டுத் தம்பியோடு வந்திருந்தாள், நான் ஒரு பெஞ்சில், அவள் ஒரு பெஞ்சில். முதலில் என்னைக் கேட்டார்கள், நடந்ததை நடந்தபடி சொன்னேன், அந்தத் தாளில் இருப்பது அவள் சொன்னது இல்லை, நான் எழுதியது என்று சொன்னேன். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். உங்கள் கணவர் தொட்டியில் இறங்கினார் என்று இந்த ஏட்டிடம் சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லீங்க சார், நான் ஒன்னும் சொல்லல, அவருக்கு ஆறு மாசமா நெஞ்சு வலி இருந்துச்சு, அந்தத் தாளைப் படிச்சுக் காமிச்சாங்க, நான் கேட்டுதான் கையெழுத்துப் போட்டேன், எங்களுக்கு யாதொரு சந்தேகமும் இல்ல என்றாள். யாதொரு என்ற வார்த்தை அவள் பேச்சில் வரக்கூடியதா மோகனா. என் வரிகளை ஒன்று விடாமல் மனசில் வைத்திருந்தாள். அதிகாரி என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். வெளியே வரும்போது அவள் ஜெராக்ஸ் கடை நிழலில் ஒரு நிமிஷம் நின்று, கபரைத் தோண்டலாம்னு நோட்டீசுல போட்டிருந்துச்சாம்க்கா, தம்பி படிச்சுச் சொன்னான், அவரு அங்கயாவது நிம்மதியா கெடக்கட்டும், மன்னிச்சுக்க என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். நான் மன்னிக்க என்ன இருக்கிறது, அவள் என்னை மன்னித்தாளா என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஆதாரம் இல்லை என்று மனுவை முடித்துவிட்டார்கள். பொய்யான தகவல் கொடுத்துத் துறைக்கு அவப்பெயர் ஏற்படுத்தியது ஏன் என்று எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. அன்று பொய் எழுதியதற்கு டீ, இன்று உண்மை சொன்னதற்கு மெமோ என்று அப்பா சொல்கிறார், அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை, ஏனென்றால் கணக்கு அப்படி நேராக இல்லை, அன்றைய பொய்யில் இருந்த நல்ல மனசும் என்னுடையதுதான். பூவரசன் கேஸில் கைதான காண்டிராக்டர் ஜாமீனில் வந்து பழையபடி ஆள் அனுப்புகிறார். தொட்டிக்கு இரண்டு மாதம் சீல் வைத்தார்கள், பொங்கலுக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது காம்பவுண்டு சுவர் தெரியும், நான் இப்போதெல்லாம் மறுபக்கத்து சீட்டில் உட்காருகிறேன்.

ரங்கம்மாள் திங்கட்கிழமை தவறாமல் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்துக் கேஸ் என்ன ஆச்சு என்று கேட்க வருவாள். போன வாரத்துக்கு முந்தின வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்டேஷன் வாசல் மரத்தடியில் வைத்துச் சொன்னேன். அப்போ எம் புள்ள சாவறதுக்கு முன்னாடியே உனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். நல்ல பொண்ணுன்னு நெனச்சிகினு இருந்தேனே என்று சொல்லி எழுந்து, சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள். போன திங்கள் அவள் வரவில்லை. கேஸைப் பற்றிக் கேட்க இனிமேல் யாரும் இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் புரிந்த மாதிரி இருந்தது, அடுத்தவர் துக்கத்தில் கரைவது வேறு, அவர் சொல்வதைக் கேட்டு அப்படியே எழுதுவது வேறு, நான் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இனிமேலாவது அப்படிச் செய்யலாம் என்று பார்த்தேன். போன வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள், ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை, சூப்பர்வைசர் அவளிடம் தவறாக நடந்திருக்கிறான். நான் பக்கத்தில் போய் உட்காரவில்லை, கையைப் பிடிக்கவில்லை, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டு, எத்தனை மணி, யார் பக்கத்தில் இருந்தார்கள், அவன் என்ன சொன்னான் என்று நான்கு பக்கம் எழுதினேன், அவள் அழுதபோது பேனாவை நிறுத்திக் காத்திருந்தேன், முடிந்ததும் திரும்பப் படித்துக் காட்டினேன். அவள் வெளியே போய்த் தன் கூட வந்தவளிடம், இந்த ஏட்டம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே இல்லடி, கல்லு மாதிரி ஒக்காந்துகிது என்று சொன்னது என் காதில் விழுந்தது. பரவாயில்லை, தாளில் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அஃப்ரோஸ் என்று புதிதாக ஒரு பெண் காவலர் வந்திருக்கிறாள், உன்னைவிட ஒரு வயது பெரியவளாக இருப்பாள், நல்ல இதமான பேச்சு, யாரைப் பார்த்தாலும் சிரித்த முகம். அவளைக் கூப்பிட்டு, நீ போய் அந்தப் பொண்ணு வீட்ல பேசிட்டு வாம்மா, கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, நாளைக்குக் கோர்ட்டு கேஸுன்னு அலைய முடியுமா, பக்குவமா எடுத்துச் சொல்லு என்றார். அவள் இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தாள், கையில் ஒரே பக்கத்தில் வேறு ஒரு எழுத்து, கருத்து வேறுபாடு, பேசித் தீர்த்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம் என்று. என் நான்கு பக்கம் எங்கே போனது என்று தெரியாது. அஃப்ரோஸ் நேராக என் மேசைக்கு வந்து, கண்ணெல்லாம் கலங்கி, அக்கா, அந்தப் பொண்ணு என்னைக் கட்டிப் புடிச்சி அப்படி அழுதுச்சிக்கா, எனுக்கே தாங்கல, பாவம், இப்பதான் அதுக்கு நிம்மதி என்றாள். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது மோகனா, அன்று உங்களிடம் வந்து சொன்னபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். என்னால் சொல்ல முடியவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

வகுப்புக்கு வேறு ஏதாவது எழுது, வெள்ளத்தில் ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றினது மாதிரி ஒன்று, மார்க் போடுவார்கள். நீ இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னையும் ஒரு நாள் கூப்பிட்டு, நீ பேசினா கேப்பாங்கம்மா என்பார்கள், என் பெண் என்று தெரிந்தால் கட்டாயம் சொல்வார்கள். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே தெரியாததால் உனக்குச் சொல்லித் தர ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். மெமோவுக்கு விளக்கம் எழுதிவிட்டேன், என்ன ஆனாலும் உன் பயிற்சிக்கு ஒன்றும் வராது என்று விசாரித்துவிட்டேன், கவலைப்படாதே.

ஷூவுக்குள் ஈரம் இருந்தால் பேப்பரைச் சுருட்டி வைத்துக் காயவை, காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, வெயிலில் ஓடிவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. அப்பா இருபது உருண்டை பொரிவிளங்காய் உருட்டி வைத்திருக்கிறார், கல் மாதிரிதான் இருக்கிறது, பல்லைப் பார்த்துக் கடி, பார்சல் செவ்வாய்க்கிழமை போடுகிறோம். நீ எந்த ஊரில் எந்த ஸ்டேஷனில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், உன் கையால் யாருக்கும் கெடுதல் வராமல், நல்ல தூக்கத்தோடு இருக்க வேண்டும். கெங்கையம்மன் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
க. கெங்கா

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது,
பாரதி